கட்டடக்கலை படிக்க லண்டன்தானா? முதலில் பலெர்மோ கணக்கைப் பாருங்கள்

பிள்ளை கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று சொன்னால், பலெர்மோவில் எங்கட வீடுகளில் உடனே எழும் பேச்சு: "அப்ப லண்டனுக்கோ மிலானுக்கோ அனுப்புவம்." வீட்டு வேலை, ரெஸ்டோரன்ட் வேலை என்று ஓடி உழைக்கிற பெற்றோரின் ஆசை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். முழுச் செலவு எவ்வளவு? படித்து முடித்தபின் கைக்கு வருவது எவ்வளவு?

பலெர்மோ பல்கலைக்கழகத்தில் இது ஐந்து வருடப் படிப்பு. அரச பல்கலைக்கழகங்களில் குடும்பத்தின் இசே 22,000 யூரோவுக்குள் இருந்தால் படிப்புக் கட்டணம் இல்லை. பிராந்திய வரியும் முத்திரைக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு 156 யூரோ அளவில், ஐந்து வருடத்துக்கு 780 யூரோ. இரண்டாம் வருடத்தில் இந்தச் சலுகை தொடர, முதல் வருடத்தில் 10 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வருடமும் 25. எர்சு உதவித்தொகைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம்.

மிலானிலும் இதே இசே சலுகை உண்டு. ஆனால் அறை வாடகையை மாதம் 600 யூரோ என்று வைத்தாலே ஐந்து வருடத்தில் 36,000 யூரோ. லண்டன் கதை வேறு. 2021க்குப் பிறகு இத்தாலிய பாஸ்போர்ட்டோடு புதிதாகப் போகிற பிள்ளை அங்கே வெளிநாட்டு மாணவர்தான். கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல். அரச கடனும் கிடைக்காது. அங்கே கட்டடக்கலைஞராகப் பதிவு பெற, பயிற்சியும் சேர்த்து வழக்கமாக ஏழு வருடமாவது போகும்.

சரி, வருமானம்? அதைத்தான் நாங்கள் கதைப்பதே இல்லை. அல்மாலவுரேயா என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, பட்டம் பெற்று ஒன்று, மூன்று, ஐந்து வருடத்தில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், மாதம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம், படிப்பு வாரியாக இலவசமாக வெளியிடுகிறது. முதல் வருடத்தை விட்டு ஐந்தாம் வருடத்தைப் பாருங்கள். சராசரியை மட்டும் நம்பவும் வேண்டாம். பலெர்மோவில் படித்து வடக்கில் வேலை செய்கிறவரும் பலெர்மோ கணக்கில்தான் வருவார். ஐரோப்பாவிலேயே அதிக கட்டடக்கலைஞர்கள் உள்ள நாடு இத்தாலி. இளையவர்கள் பலர் பர்த்தித்தா இவா திறந்துதான் ஸ்டுடியோக்களில் வேலை செய்கிறார்கள். வரியும் ஓய்வூதியப் பங்களிப்பும் அவர்கள் கையிலிருந்தே போகும்.

ஆகவே என் கருத்து இதுதான். சம்பளத்தைக் கல்லூரியின் பெயரை விட, வேலை செய்கிற ஊர்தான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. ஐந்து வருடப் பட்டமும் அரச பரீட்சையும் முடித்தவரின் தகுதிக்கு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தானாகவே அங்கீகாரம் உண்டு. பலெர்மோ பட்டத்தோடு ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை தேடலாம். மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்தினால் 'ஜூனியர்' பதிவு மட்டும்தான். இந்தத் தானியங்கி அங்கீகாரம் கிடையாது.

வீட்டிலிருந்து படிக்கட்டும். மிச்சமாகும் காசை ஜெர்மன் வகுப்புக்கும், எராஸ்முஸ் பரிமாற்றத்துக்கும், வேலை தேடுகிற முதல் இரண்டு வருடத்துக்கும் ஒதுக்குங்கள். லண்டன் கனவு பேசுவதற்கு முன் காஃப் அலுவலகத்துக்குப் போய் இசே எடுங்கள். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அல்மாலவுரேயா பக்கத்தைத் திறவுங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.