சுருக்கி வைத்தால் தூங்கிவிடுமா?

பாசிர் கூடாங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் போன வாரம் அழைத்தார். குரலில் சோர்வு. "அண்ணே, சாளரத்தைச் சுருக்கி வைத்தால் கணினி வேலையை நிறுத்திடுமா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். கொள்கலன் ஒன்றுக்கான படிவத்தை நிரப்பி, 'அனுப்பு' பொத்தானை அழுத்தியிருக்கிறார். உடனே மேல் மூலையில் உள்ள சிறு கோட்டைத் தட்டிச் சாளரத்தைக் கீழே இறக்கிவிட்டு, மின்னஞ்சல் பார்க்கப் போய்விட்டார். மென்பொருளோ பாதி வழியில் நின்று, 'எடை விவரம் சரியா?' என்று கேட்டுக் காத்திருந்தது. அந்தக் கேள்வியும் சாளரத்தோடு சேர்ந்து மறைந்து கிடந்தது. ஒலி இல்லை, பணிப்பட்டையில் நிறமும் மாறவில்லை. மூன்று மணி நேரம் கழித்து லோரி ஓட்டுநர் அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் நடைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர். அன்று ஒரு நடை போய்விட்டது.

நண்பரின் கேள்விக்குப் பதில்: பொதுவாக நிறுத்தாது. சுருக்குவது வேறு, மூடுவது வேறு. சுருக்கிய மென்பொருள் நினைவகத்தில் இருந்தபடி வேலையைத் தொடரும். 1995-இல் வந்த விண்டோஸ் 95-தான் இன்று நாம் பார்க்கும் பணிப்பட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சுருக்கிய சாளரம் திரையின் அடியில் சிறு படமாகக் கிடக்கும். மேலே வேறு சாளரம் வந்தால் அதுவும் மறைந்துபோகும்.

விதிவிலக்குகளும் உண்டு. பல விளையாட்டுகள் சுருக்கியதும் நின்றுவிடும். குரோம் உலாவி, 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பு முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பல பக்கங்களின் உள் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒரு முறை மட்டுமே ஓடவிடுகிறது. மின்கலத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு.

சுருக்கிய மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஒன்று, கொடுத்த வேலையைத் தொடர வேண்டும். இரண்டு, நாம் வேறெங்கோ தட்டச்சு செய்யும்போது திடீரென முன்னால் குதிக்கக் கூடாது. குதித்தால் நாம் அடிக்கும் கடவுச்சொல் தவறான இடத்தில் போய் விழும். மூன்று, நம் பதில் தேவைப்பட்டால் பணிப்பட்டையில் மின்னி அழைக்க வேண்டும். அந்த வசதி விண்டோஸில் இருக்கிறது. நண்பரின் மென்பொருள் அதைப் பயன்படுத்தவில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் கூவி அழைத்தாலும் ஆபத்துதான். பாசிர் கூடாங்கின் இரசாயன ஆலைகளில் கட்டுப்பாட்டு அறை வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1994 ஜூலை 24-இல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு பணியாளர்கள் 275 எச்சரிக்கை மணிகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. எது முக்கியம் என்று யாரால் பிரித்துப் பார்க்க முடியும்? அவசியமானதற்கு மட்டும் அழைப்பதே நல்ல மென்பொருளுக்கு அழகு.

மென்பொருள் திருந்தும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். 'அனுப்பப்பட்டது' என்ற செய்தியோ பதிவு எண்ணோ கண்ணில் படும்வரை சாளரத்தைச் சுருக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு என்றால் முதலில் கண்ட்ரோல், எஸ் விசைகளை அழுத்திச் சேமியுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி, திறந்திருக்கும் சாளரங்களை ஒருமுறை பாருங்கள். எங்காவது ஒரு கேள்வி பதிலுக்குக் காத்திருக்கலாம்.

ஓட்டுநர் இழந்த நடைக்கூலியை நண்பர் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டாராம். மென்பொருளை எழுதியவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. நடந்ததை நேரம் குறித்து, திரைப்படம் பிடித்து அவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று நடந்தால், 'நம் தவறுதான்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.