முகவரி சொல்ல ஆளில்லை

லண்டனில் இருந்துகொண்டு ஈழத்துப் பழைய புத்தகம் ஒன்றை இணையத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் அச்சான சிறுகதைத் தொகுதி. தலைப்பு ஞாபகம் இருக்கிறது, எழுதியவர் பெயர் அரைகுறை. தேடுபொறியில் போட்டால் முதலில் விளம்பரம். அதற்குக் கீழே அதே சொற்கள் வரும் சினிமாப் பாட்டு. இன்னும் கீழே போனால் நகைக்கடை. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இயந்திரம் எழுதிய ஒரு பத்தி வேறு. இல்லாத ஆண்டையும் இல்லாத பதிப்பகத்தையும் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறது. பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கொடுமை என்னவென்றால், சரியான விடையும் இதே இணையத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்த என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்ற நூல்விவரப் பட்டியலைத் தொகுத்து வருகிறார். முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் புத்தகம்; பத்துத் தொகுதிகளை எப்போதோ தாண்டிவிட்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் யார், எந்த ஊரில் எந்த அச்சகத்தில் அடித்தது, எந்த ஆண்டு, எத்தனை பக்கம், என்ன விலை, நீள அகலம் எத்தனை சென்ரிமீற்றர் என்பதுவரை எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரிக் குறிப்பும் போட்டிருக்கிறார். ஒரு தேசிய நூலகம் ஆள் அம்போடு செய்யவேண்டிய வேலை இது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இந்தத் தொகுதிகளைக் காசில்லாமல் திறந்து படிக்கலாம். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். நூல்தேட்டமா, அது என்ன என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

"கூகிளில் போட்டால் வரும்தானே" என்று ஒரு பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. வராது. நூல்தேட்டம் என்ற பெயர் தெரிந்தவருக்குத்தான் நூல்தேட்டம் வரும். பெயரே தெரியாதவர் எதைப் போட்டுத் தேடுவார்?

இந்தக் குறைக்கு ஒரு காலத்தில் மருந்து இருந்தது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ இதே லண்டனில் பிறந்தவர். எந்தத் துறைக்கு எங்கே நல்ல பக்கம் இருக்கிறது என்று 1991இலேயே பட்டியல் போடத் தொடங்கியவரும் அவர்தான். 1994இல் யாஹூவின் விவரக்கொத்து வந்தது. 1998இல் தன்னார்வலர்களின் டிமோஸ் வந்தது. மனிதர்கள் ஒரு தளத்தைத் திறந்து படித்துப் பார்த்து, இது இந்த வகை என்று அடுக்கினார்கள். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய இன்ட்யூட், மாணவர்களுக்கு நம்பகமான தளங்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தது. பணத்தை நிறுத்தி, 2011இல் அதை மூடினார்கள். யாஹூவின் விவரக்கொத்து 2014இன் முடிவில் கடையைக் கட்டியது, டிமோஸ் 2017 மார்ச்சில். ஸ்ட்ரீட்மேப் என்ற பிரித்தானிய வரைபடத் தளம், கூகிள் தன் சொந்த வரைபடத்தைத் தேடல் பக்கத்தின் உச்சியில் வைத்ததால்தான் தங்களிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள் என்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் தோற்றது. தீர்ப்பின் சட்ட நியாயம் எப்படியும் இருக்கட்டும். வழிகாட்டும் பலகையைக் கையில் வைத்திருப்பவன் பக்கமே ஊர் போகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தமிழுக்கு இதைவிடப் பெரிய இடி ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் இங்கே தமிழ்த் தளம் நடத்தியவர்கள் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள், தமிழ்நாட்டுத் தளங்கள் வேறு வேறு எழுத்துருக்களில். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. தேடுபொறி அந்தக் குப்பையைத்தான் பார்க்கும். அதாவது அந்தப் பக்கங்கள் இன்றைக்கும் உயிரோடு இருந்தால்கூடத் தமிழில் தேடுகிறவருக்கு அவை இல்லை. பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகளில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு முதலில் அந்தப் பக்கம் எங்கே கிடக்கிறது என்று யாராவது சொல்லவேண்டுமே!

பிரிட்டிஷ் நூலகம் சேர்த்து வைத்திருக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். இந்த நாட்டு இணையத்தளங்களை 2013 முதல் சட்டப்படியே அது சேமிக்கிறது, உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதியை வாசிப்பு அறைக்கு நேரில் போனால்தான் பார்க்கலாம். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் நூலகப் பட்டியலே விழுந்து 2024 ஜனவரியில்தான் எழுந்தது. சேமித்த தளங்களின் காப்பகம் அதற்குப் பிறகும் நெடுநாள் திறக்கவில்லை. இந்த நூலகத்தின் தாய்வீடான பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ்ப் புத்தகங்களுக்குப் பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் அச்சானது. அதை இன்றைக்கும் எடுத்துப் புரட்ட முடிகிறது. இருபது வருடத்துக்கு முந்திய ஒரு லண்டன் தமிழ்த் தளத்தை அப்படிப் புரட்ட முடியுமா?

கம்பனிகள் லாபத்தைப் பார்க்கும், அது அவர்கள் குணம். எனக்குக் கோபம் எங்கள் ஆட்கள் மேல்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இணையத்தளம் இருக்கிறது. திறந்தால் தலைவரின் படம், விழாப் படம், ஆதரவாளர்களின் சின்னங்கள். பிள்ளை படிக்கப் போவதற்கு ஒரு முகவரி கிடையாது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலும் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாட்டு முதல் புதிய எழுத்து வரை இலவசமாகக் கிடக்கிறது. நூல்களைத் தட்டச்சுச் செய்தவர்களும் பிழை பார்த்தவர்களும் கூலி வாங்காதவர்கள். அதன் முகவரியைத் தளத்தில் ஒரு வரியாகப் போட என்ன செலவு? ஒரு பள்ளிக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் கதைப்போம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் மண்டப வாடகை கதைத்தார்கள்.

கலைவிழா மலர் வருடாவருடம் வருகிறது. நகைக்கடை, கேட்டரிங், வழக்கறிஞர், வீட்டுக்கடன் என்று பக்கம் பக்கமாக முகவரிகள். அந்த மலரில் எனக்கு ஒரே ஒரு பக்கம் தாருங்கள். நூலகம், நூல்தேட்டம், மதுரைத் திட்டம், பொங்குதமிழ், இன்னும் உங்களுக்குத் தெரிந்த நாலு தளங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் அங்கே என்ன கிடைக்கும் என்ற குறிப்பு. அந்தப் பக்கத்துக்கு விளம்பரக் காசு கட்டவேண்டுமென்றால் அதையும் நானே கட்டுகிறேன்.