புது டி.வி.யில் படம் மங்கலா? பணம் கட்டும் முன் பாருங்கள்!

“நிலக்கடலை விற்ற பணத்தில் 43 இன்ச் எல்.இ.டி. டி.வி. வாங்கினோம். பழைய 14 இன்ச் பெட்டியில் தெளிவாகத் தெரிந்த சேனல்கள் எல்லாம் இதில் மங்கலாகத் தெரிகின்றன. முகங்களும் அகலமாக இருக்கின்றன. ‘பழைய பெட்டியே தேவலாம்’ என்கிறார் அம்மா. கடையில் கேட்டால், ‘இன்னும் 12,000 ரூபாய் கட்டுங்கள், 4கே டி.வி.யாக மாற்றித் தருகிறோம்’ என்கிறார்கள். கட்டலாமா?”

- விழுப்புரம் மாவட்ட வாசகர் ஒருவர்

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். கடிதத்தில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால், குறை டி.வி.யில் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குள் போகும் படத்தில்தான் இருக்க வேண்டும். பயிர் மஞ்சளடித்தவுடன் யூரியா வாங்க ஓடாமல், வேரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது போல, இங்கேயும் காரணத்தைத் தெரிந்துகொண்டு செலவு செய்வதே நல்லது.

பெரிய திரையில் ஏன் மங்கல்?

டி.வி. படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. சாதாரண (எஸ்.டி.) சேனலின் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 என மொத்தம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள் உண்டு. ஃபுல் எச்.டி. டி.வி.யின் திரையிலோ 1,920-க்கு 1,080 என சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 43 இன்ச் திரையின் பரப்பும் 14 இன்ச் பெட்டியைப் போல சுமார் 8 மடங்கு. 5 சென்ட்டுக்கான விதையை 40 சென்ட்டில் தூவினால் பயிர் எப்படி இருக்கும்? அதே கதைதான் இங்கும்.

4கே டி.வி.யில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. ஆனால், அதே செட்-டாப் பாக்ஸை இணைத்தால் அதற்குள் போவதும் அதே 4.15 லட்சம் புள்ளிகள்தான். 12,000 ரூபாய் கட்டினாலும் கேபிள் சேனல்கள் பெரிதாகத் தெளிந்துவிடாது.

முதலில் ஒரு சோதனை

வயலில் பகல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த போட்டோவை பென் டிரைவில் ஏற்றி, டி.வி.யில் செருகிப் பார்க்கலாம். ஸ்மார்ட் டி.வி. என்றால், செல்போன் ஹாட்ஸ்பாட் மூலம் யூடியூப்பில் 1080 தரமுள்ள வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். இலை நரம்பு வரை தெளிவாகத் தெரிந்தால் டி.வி. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

செலவில்லாமல் சரிசெய்யக் கூடியவை

முகம் அகலமாகத் தெரிவது, அகலம் குறைந்த படத்தை டி.வி. இழுத்துக் காட்டுவதால். மெனுவில் ‘ஆஸ்பெக்ட்’ அல்லது ‘பிக்சர் சைஸ்’ என்று இருப்பதை மாற்றிப் பார்க்க வேண்டும். வண்டிச் சக்கரமோ சாப்பாட்டுத் தட்டோ வட்டமாகத் தெரியும் அளவே சரியான அளவு. அப்போது இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால் அது கோளாறு அல்ல.

அடுத்து, ‘பிக்சர் மோட்’. கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக ‘விவிட்’ என்று வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘சினிமா’ போதும். ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்.டி. சேனலில் அது ஓரங்களைத் தடிப்பாக்கி, இரைச்சலான படத்தையே தரும். அதைப் பாதிக்குக் கீழே இறக்குவது நல்லது. பகலில் படம் இருட்டாக இருந்தால் ‘எனர்ஜி சேவிங்’ வசதியை நிறுத்திப் பார்க்கலாம்.

டி.வி.யை மாட்டிய உயரமும் முக்கியம். கதவு உயரத்துக்கு மாட்டிவிட்டு, தரையில் பாய் விரித்து அண்ணாந்து பார்த்தால் பல டி.வி.களில் நிறம் வெளுத்துத் தெரியும். கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். முடியாவிட்டால் திரையைச் சற்று முன்புறம் சாய்க்கலாம். வாசல் வெளிச்சம் நேராகத் திரையில் விழக் கூடாது. எஸ்.டி. சேனல் பார்க்கும்போது 10 அடி தள்ளி உட்கார்ந்தால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது.

சில நூறு ரூபாயில்

செட்-டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர் வருகிறதா? பாக்ஸின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், அந்த வயரை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. கேபிள் போட வேண்டும். சாதாரண கேபிளே போதும். விலை கூடியதால் படம் கூடாது. எச்.டி. பாக்ஸ் என்றால் அதன் மெனுவில் ‘வீடியோ அவுட்புட்’ 576 என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை 1080-க்கு மாற்ற வேண்டும். எச்.டி. பாக்ஸ் இருந்தும் இந்த ஒரு இடத்தைக் கவனிக்காமல் விட்டால் முழுப் பலன் கிடைக்காது.

மாதச் செலவு எப்போது?

இவ்வளவு செய்தும் மனநிறைவு இல்லையென்றால், எச்.டி. பாக்ஸுக்கும் எச்.டி. சேனலுக்கும் மாறலாம். இரண்டும் வேண்டும். எச்.டி. பாக்ஸில் எஸ்.டி. சேனல் பார்த்தால் அது எஸ்.டி.யாகவே இருக்கும். வீட்டில் உண்மையில் பார்க்கும் இரண்டு, மூன்று சேனல்களுக்கு மட்டும் மாதம் எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால்...

இது மங்கல் அல்ல, சிக்னல் குறை. கேபிள் முனை துருப்பிடித்திருக்கலாம், கூரைமேல் இணைப்பில் மழைநீர் இறங்கியிருக்கலாம். டிஷ் வைத்திருப்பவர்கள், போன வருடம் சின்னதாக இருந்த தென்னையோ முருங்கையோ வளர்ந்து டிஷ்ஷை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கினால் படம் தெளியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மின்சார ஏற்ற இறக்கத்துக்கான பாதுகாப்பு மட்டுமே.

கடைக்குப் போக வேண்டியது எப்போது?

செல்போன் போட்டோவும் மங்கலாகத் தெரிந்தால், அல்லது எந்தப் படம் போட்டாலும் திரையில் ஒரே இடத்தில் கோடு, கறுப்புத் திட்டு இருந்தால் அது டி.வி.யின் குறை. அப்போது கூடுதல் பணம் கட்டி மாற்ற வேண்டியதில்லை. வாரன்டியில் சரிசெய்து தரக் கேட்க வேண்டும். திரையைப் போட்டோ எடுத்து, பில்லுடன் புகார் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்வது அவசியம். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

பென் டிரைவ் சோதனையையும் ரிமோட் மாற்றங்களையும் இன்று மாலையே செய்து பார்த்துவிடலாம். அம்மாவைத் திரைக்கு நேராக உட்கார வைத்து, அவர் போதும் என்று சொல்லும் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். அந்த 12,000 ரூபாய் அடுத்த பட்டத்துக்கு விதைக்கடலை வாங்க இருக்கட்டும்.