கூட்டு யாரோடு?

கூட்டுச் சேர்வது குற்றமா, தோழர்களே? இல்லை! ஆற்றலை அளக்காமல், உழைப்பை உணராமல், பெயரின் பகட்டுக்கு மயங்கிக் கைகுலுக்குவதே குற்றம். நாம் சொன்னால் மேடைப் பேச்சு என்பர். பள்ளிப் பிள்ளைகள் செய்தே காட்டுகிறார்கள், அமெரிக்காவில்!

டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் துவக்கினார். 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு முதல் ரோபோப் போட்டி நடந்தது. இன்று களத்தில் ஒருபுறம் மூன்று ரோபோ, மறுபுறம் மூன்று. தகுதிச் சுற்றில் யாரோடு யார் என்பதைப் பட்டியலே தீர்மானிக்கும். இந்த ஆட்டத்தில் தோள் கொடுத்தவன், அடுத்த ஆட்டத்தில் எதிரே நிற்பான்!

பிறகுதான் தேர்வு. முதல் எட்டு இடம் பெற்றோர் தலைமை அணிகள். ஒன்றாம் இடத்தான் முதலில் அழைப்பான். எட்டாம் இடத்தான் கடைசியில். அநீதி என்கிறீரா? பொறுங்கள்! இரண்டாம் சுற்றில் வரிசை திரும்புகிறது. எட்டாம் இடத்தானுக்கு முதல் உரிமை, ஒன்றாம் இடத்தானுக்குக் கடைசி வாய்ப்பு. வலுத்தவனே வாரிச் சுருட்டாதிருக்க வகுத்த வழி அது. நாம் அதை வரவேற்கிறோம்.

ஆனால், வழி நல்லதானால் போதுமா? விழியும் வேண்டாமா? எண்ணிப் பாருங்கள். கோப்பைகள் குவித்த புகழ் பெற்ற அணி ஒன்று. அதன் ரோபோவோ இவ்வாண்டு நடுக்களத்தில் நொண்டுகிறது. ஊர் பேர் அறியாத சிறு பள்ளியின் அணி இன்னொன்று. ஒரே வேலைதான் தெரியும், அதை ஒவ்வோர் ஆட்டத்திலும் பிசகாமல் செய்கிறது. யாரை அழைப்பது? பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஆட்டந்தோறும் கண்ணிமைக்காது குறிப்பெடுத்த பிள்ளையைக் கேளுங்கள். அவன் ஏடு சிறு பள்ளியின் பெயரைச் சொல்லும். அந்த ஏட்டை மூடிவிட்டுப் புகழை அழைக்கும் தலைவன், எதிரியிடம் தோற்குமுன் தன் தோழனின் உழைப்பைத் தோற்கடிக்கிறான்!

பட்டறையிலே சம்மட்டி பிடிப்பவனுக்குத் தெரியும், குறடு பிடிப்பவன் கை நடுங்கினால் என்ன ஆகுமென்று. குறடு பிடிப்பவனின் குலப்பெருமையா அங்கே கைகொடுக்கும்?

அழைக்கப்பட்டவனுக்கும் பொறுப்புண்டு. ஒரு முறை மறுத்தால், வேறெவரும் அவனை அழைக்க முடியாது. முதல் எட்டுக்குள் இருந்தால் தானே தலைமை ஏற்கலாம். இல்லையேல் வாய்ப்புப் போயிற்று! காலை ஓரிடம், மாலை ஓரிடம் என்று பேரம் பேச அங்கே இடமில்லை.

வென்றால் மூவருக்கும் வெற்றி. தலைவனுக்குத் தனி வெற்றி, கடைசியில் வந்தவனுக்குக் கால் வெற்றி என்ற கணக்கில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: கூட்டாளியைத் தேடுவோர் கொடியின் உயரத்தைப் பார்க்கவேண்டாம், கையின் காய்ப்பைப் பார்க்கட்டும்!