நீர் உயர்ந்தால் மீன் எங்கே?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வொயிட் ஆற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது டேபிள் ராக் அணை. அதன் நீர்த்தேக்கத்தின் வழக்கமான மட்டம், கடல்மட்டத்திற்கு மேல் 915 அடி. வசந்த கால மழை மிகுந்தால், வெள்ளத்தைத் தடுக்கும் பொருட்டு 931 அடி வரை நீரைத் தேக்கலாம். அப்போது கரையோரப் புதர்கள் மூழ்கிவிடும்.

அந்நாள்களில் பழகிய ஆழத்திலேயே தூண்டிலிடுவோர் வெறுங்கையோடு திரும்புவதுண்டு. ஏனெனில் 'பாஸ்' எனும் அகன்ற வாயுடைய நன்னீர் மீன், ஏறும் நீரோடு தானும் கரையை நாடிச் செல்லும். மூழ்கிய புதரில் அதற்கு மறைவும் உண்டு, இரையும் உண்டு. ஆகவே படகை மெல்லச் செலுத்தி, தடித்த நைலான் நரம்பில் பிளாஸ்டிக் புழுவைக் கோத்து, புதரின் அடியில் ஓசையின்றி இறக்குதல் நன்று. முள்ளின் முனை புழுவுக்குள் மறைந்திருந்தால் கிளைகளில் எளிதில் சிக்காது. நீர் வடியத் தொடங்கியதும் மீன் ஆழத்தின் விளிம்புக்குப் பின்வாங்கும். தூண்டிலும் அதைத் தொடரட்டும்.

ஒன்றை மறத்தலாகாது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியசை எட்டுங்கால், ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் கூடமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அதை அகற்றிவிட்டால் சிறு மீன்கள் விரைந்து வந்து முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டருகே அகப்பட்ட மீனைத் தாமதமின்றி அங்கேயே விட்டுவிடுதல் முறை. ஒரு வேளை உணவுக்காக ஒரு தலைமுறையையே இழப்பானேன்?