ஒரு கை கொடுக்க மறு கை எடுக்கலாமா?

கல்விக்கு வழங்கும் கொடை, கற்பவரின் சுமையைக் குறைத்தால்தான் கொடையாகும். சுமை குறையாமல், சுமப்பவர்க்கு உதவியவர் பெயர் மட்டும் மாறுமாயின் அதனால் விளையும் நன்மை யாது? இவ்வினாவை மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விழைகிறோம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த ஊர் கூட்டேரிப்பட்டு. அங்கிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஏழை மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். கட்டணம், நூல்கள், போக்குவரத்து, பகலுணவு என அவளுக்கு ஆண்டொன்றுக்கு 40,000 ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். பெற்றோரால் இயன்றது 15,000. கல்லூரி தரும் சலுகை 15,000. எஞ்சிய 10,000 ரூபாய்க்கு வட்டிக் கடன். இந்நிலையில் ஊர் ஜமாஅத்தோ, ஓர் அறக்கட்டளையோ 10,000 ரூபாய் வழங்குகிறது. கடன் ஒழிந்தது எனக் குடும்பம் மகிழ்கிறது. ஆனால், "வேறிடத்தில் உதவி கிடைத்துவிட்டதே" என்று கல்லூரி தன் சலுகையில் அதே தொகையைக் குறைத்துவிட்டால், கடன் நின்ற இடத்திலேயே நிற்கும். கொடையாளர் தந்த பணம் மாணவியின் கை வழியே கல்லூரிக் கணக்கில் சேர்ந்ததுதான் கண்ட பயன்.

அரசுத் திட்டங்களிலும் இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். சிறுபான்மையினர்க்கென 2007-08இல் நடுவணரசு தொடங்கிய பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையின் விதிகள், அதே நோக்கத்திற்கு வேறோர் உதவியைப் பெற இடந்தரவில்லை. ஆதிதிராவிட மாணவர்க்கான உதவித்தொகைக்கு 2010இல் திருத்தப்பட்ட விதிகளோ சற்றே நெகிழ்ந்தன. இரண்டு உதவித்தொகைகளில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்; எனினும் நூலுக்கும் உணவு, உறையுளுக்கும் பிறர் தரும் உதவியைக் கூடுதலாக ஏற்கலாம் என்றன. 2022இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வேறு உதவித்தொகை பெறும் மாணவியரும் திங்கள்தோறும் 1,000 ரூபாயைக் கூடுதலாகப் பெறலாம் என அறிவித்தது. ஏழையின் தேவை ஒரே தொகையில் அடங்குவதன்று என்பதை உணர்ந்த விதி இது.

கடல் கடந்த நாட்டிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. மொத்த உதவி மாணவரின் தேவையை விஞ்சினாலன்றி, வெளி உதவியைக் காட்டித் தம் உதவியைப் பொதுக் கல்லூரிகள் குறைத்தலாகாது என்பது அதன் சாரம்; கொடையாளர் இசைந்தால் மட்டும் விலக்குண்டு.

"கல்லூரி நிதி வற்றாத ஊற்றன்று, மிச்சமாகும் தொகை மற்றோர் ஏழைக்குப் போகுமே" என்பர் சிலர். புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் ஒருத்தியின் தேவை நிறைவுறுமுன் அவளிடமிருந்து எடுத்துப் பிறர்க்கு ஈதல் பகிர்வாகாது. தேவை நிறைந்தபின் மிகுவதை எடுத்தலே பகிர்வு. மேலும், கிடைத்த உதவியை உண்மையாய் உரைத்தவர் இழக்கவும், மறைத்தவர் பெறவும் வழிசெய்யும் ஒரு முறை, மாணவர்க்கு எந்த ஒழுக்கத்தைக் கற்பிக்கும்?

ஆகவே, நாம் வேண்டுவன சிலவே. வெளி உதவி வந்தால் முதலில் மாணவரின் பற்றாக்குறையும் கடனும் தீரட்டும். அதன்பின் எஞ்சினால் மட்டும் சலுகையைக் குறைக்கலாம். இவ்விதியைச் சேர்க்கைக் கையேட்டிலேயே கல்லூரிகள் அச்சிடல் வேண்டும். பாதி ஆண்டில் வரும் அறிவிப்பு ஏழைக் குடும்பத்தை நிலைகுலையச் செய்யும். கொடை வழங்கும் பெரியோர், காசோலையில் ஒப்பமிடுமுன், "இத்தொகையால் மாணவரின் சலுகை குறையுமா?" எனக் கல்லூரியிடம் ஒரு சொல் கேட்டறிதல் நலம். குறையுமாயின், விடுதி உணவு, நூல், பயணம் எனச் சலுகை எட்டாத செலவுகளுக்கு அதனை ஒதுக்கலாம். மாணவரும் தாம் பெறும் உதவிகளை ஒளிவின்றித் தெரிவித்தல் கடன்.

கொடுப்போர் பலராயினும் கொடையின் நோக்கம் ஒன்றே. கூட்டேரிப்பட்டு மாணவி தன் மூன்றாண்டுப் படிப்பைக் கடனின்றி முடித்துப் பட்டத்தோடு ஊர் திரும்புகிறாளா என்பதே அந்நோக்கம் நிறைவேறியதா என்பதற்கு உரைகல்லாகும்.