இல்லத்துக்குச் சில குறிப்புகள்: வண்ணத்தில் ஒட்டிய டயர்க் கறை

 

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஸ்ரீபெரும்புதூர் அருகே, 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தம் காரை ஓட்டிவிட்டு வந்தாராம். காரின் பக்கங்களில் படிந்த கருங்கோடுகள் சோப்புக்கு அசையவில்லை. அணைக்கரைக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவலாமா என்று கேட்கிறார்.

வளைவுகளில் விரையும்போது டயர் சூடேறி இளகும். பிய்ந்து தெறிக்கும் ரப்பர்த் துணுக்குகள் வண்ணத்தில் ஒட்டி இறுகிவிடும். சாலைத் தாரும் இவ்வாறே ஒட்டுகிறது. இரண்டையும் தண்ணீர் கரைக்காது. எண்ணெய் வகைத் திரவமே இளக்கும்.

பிளேடால் சுரண்டாதீர்கள். தின்னர் ஊற்றினால் கறையோடு வண்ணமும் போய்விடும். பெட்ரோலின் ஆவியோ சிறு பொறியிலும் தீப்பற்றும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்தபின் முதலில் மண்ணும் தூசியும் போகக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு கார்ப் பொருள் கடைகளில் விற்கும் தார் நீக்கியையோ, சிறிது மண்ணெண்ணெயையோ மென்மையான பருத்தித் துணியில் நனைத்து, மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். மறுவண்ணம் பூசிய வண்டிக்கு இது மிகவும் அவசியம். வண்ணம் துணியில் ஏறவில்லை என்றால், துணியைக் கறையின்மீது ஒரு நிமிடம் வைத்திருந்து, அழுத்தாமல் துடையுங்கள். துணியின் அழுக்கான பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கறை நீங்கியதும் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் மெழுகு பூசுங்கள். அடுப்பும் குழந்தைகளும் அருகில் வேண்டாம். நனைந்த துணியைக் குவித்து வைக்காமல், திறந்த வெளியில் விரித்து உலர்த்திக் குப்பையில் சேருங்கள்.

ஆனால் அணைக்கரை வேண்டாம். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளியில் வெண்ணுரையாகப் பொங்குவதைக் கண்டு நாம் வேதனைப்படுகிறோம். அந்த நீரே வயல்களுக்குப் பாய்கிறது. ஆறு கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மேலே இருப்பவர் அசுத்தம் செய்கிறார் என்று குறைகூறும் நாம், கீழே இருப்பவருக்கு அதையே செய்யலாமா?

வீட்டு வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் போதும். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. விரயமே கூடாதென்றால், மாசுபடுத்துவது எங்ஙனம் தகும்? நம் வண்டியின் தூய்மை பிறருடைய தண்ணீரின் அசுத்தமாகிவிடக் கூடாது.